எஃப்.சி. அன்றைக்கு மட்டும் திறக்கிற கதவு

செய்தி வந்த காலையில் மண்ணூர்பேட்டை ஷெட்டில் ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கேரவன் வண்டிகளுக்கு இனிமேல் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டாம் என்று அரசாங்கம் ஒரு சட்ட வரைவு போட்டிருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று கூட்டத்துக்குத் தேதியும் குறித்திருந்தார்கள். முதலாளி ரவிச்சந்திரன் பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நாலு நடை நடந்தார். எல்லாருக்கும் டீயும் மசால் வடையும் வாங்கிவரச் சொன்னார். அவர் தன் கையால் வடை எடுத்துக் கொடுத்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

வேம்புலி வாங்கவில்லை. எண்ணெய் ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஷெட்டுக்குள் வெறும் கூடாக வருகிற வேன், வீடாக வெளியே போகும். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், மேலே ஏசி. முன்னெல்லாம் பூந்தமல்லி பக்கம் ஷூட்டிங்குக்குப் போகிற வண்டிகள் மட்டும்தான் செய்தார்கள். இப்போது அம்பத்தூர், ஆவடி ஃபிளாட்டுகளில் இருக்கும் ஐ.டி. குடும்பங்கள் லீவு விட்டால் பிள்ளைகுட்டியோடு வால்பாறை, வயநாடு என்று கேரவனில் கிளம்புகின்றன. அவர்களுக்கு ஒரு சங்கம், ஒரே கலரில் டி-சர்ட். வண்டிக்குள் எது எங்கே வர வேண்டும் என்று வரைந்து கொடுப்பது வேம்புலியின் வேலை. அவர்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான், பி.இ. மெக்கானிக்கல். வேம்புலியம்மாள் என்ற பேரைப் பார்த்து கவுன்சலிங் கவுன்டரில் ஒருவன் சிரித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓட லாயக்குதானா என்று வருடத்துக்கு ஒருமுறை ஆபீசர் முன்னால் நிறுத்திக் காட்டுவது. கேரவனுக்குப் பின்பக்கம் ஓர் அவசர வழிக் கதவு இருந்தே ஆக வேண்டும். ஆனால் வாங்குகிறவர்களுக்குப் பின்பக்கம்தான் துணி அலமாரி வேண்டும், வேறு எங்கும் இடம் கிடையாது. இதற்கு ஷெட் கண்டுபிடித்த வழி சுலபமானது. எஃப்.சி.க்கு முந்தின நாள் அலமாரியைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். கதவுக்கு கிரீஸ் போட்டு, ‘அவசர வழி’ என்ற சிவப்பு எழுத்தைத் துடைத்து, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். மறுநாள் அலமாரி பழைய இடத்துக்கே வந்துவிடும். இதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிற அன்றைக்கு மட்டும் வகுப்பில் சாக்பீஸ் இருக்கும் அல்லவா, அந்த மாதிரிதான்.

“இனிமே அந்தக் கண்றாவியே வேணாம்” என்றார் ரவிச்சந்திரன். நடுவில் நின்ற புது வண்டியின் பின்புறத்தைத் தட்டிக்காட்டினார். அது காவ்யா என்ற பெண்ணின் வண்டி. அயப்பாக்கம் ஃபிளாட்டில் இருக்கிறாள். புருஷன், இரண்டு பிள்ளைகள். “இதுக்குக் கதவே வெட்டாத. தகடு அடிச்சு மூடிடு. அலமாரிய வெல்டே பண்ணிடலாம்.”

வேம்புலி வண்டியைப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. தச்சு வேலை பார்க்கும் அமல்ராஜ் வடையோடு வெளியே நின்றிருந்தார், வயரிங் ஆட்கள் டீக்கடையில். ஆனாலும் வண்டியின் பின்பக்கம், கட்டில் இருக்கும் இடத்தில், விரற்கடை அளவுக்குக் கீழே அமுங்கி எழுந்தது. படுத்திருந்த ஆள் ஒருக்களித்துத் திரும்பினால் ஸ்பிரிங் எப்படி அமுங்குமோ அப்படி.

இரண்டு வருடமாக இப்படித்தான். எல்லா வண்டியிலும் இல்லை, கட்டில் போட்டு முடித்த வண்டியில் மட்டும். முதல் தடவை ஓடிப்போய் உள்ளே ஏறிப் பார்த்தாள். மெத்தையின் பாலிதீன் உறைகூடக் கசங்கவில்லை. அதற்கப்புறம் ஏறிப் பார்ப்பதில்லை. படித்த பெண், இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கத் தெரியும்; தரை சமமில்லை, காற்று, ரோட்டில் லாரி போகிறது. லாரி போகாத நேரத்திலும் அமுங்கியது.

அவளுடைய அண்ணன் ஜீவா கேரவன் டிரைவர். இந்த ஷெட்டில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், தங்கச்சியின் பட்டமளிப்பு போட்டோவை வண்டி டேஷ்போர்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான். இரண்டு வருடத்துக்கு முந்தின மே மாதம், குத்தம்பாக்கம் தாண்டி ஒரு காலி மனையில் ஷூட்டிங். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நடிகர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜீவா ஏசியைப் போட்டுவிட்டுக் கேரவனின் பின் கட்டிலில் தலையைச் சாய்த்தான். நடுவில் ஏசி வயர் பற்றிக்கொண்டது. ஏறுகிற கதவும் நடுவில்தான் இருந்தது.

வெளியே இருந்தவர்கள் பத்துப் பேர் பின்பக்கம் ஓடினார்கள். அவசர வழிக் கதவு நன்றாகவே திறந்தது. திறந்தால் இரும்பு அலமாரியின் முதுகு. கல்லால் இடித்தார்கள், ஜாக்கி ராடால் நெம்பினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் இருமுவது கேட்டது என்றார்கள். தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது. முன்பாதிதான் எரிந்திருந்தது, அவன் இருந்த பின்பாதிக்கு நெருப்பு வரவே இல்லை. புகைதான் வந்தது.

விசாரணையில் ஒரே கேள்வி: கதவை அடைத்து அலமாரி வைத்த வண்டிக்கு எஃப்.சி. எப்படிக் கிடைத்தது? தீ பிடிப்பதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் எஃப்.சி. ஆகியிருந்தது. நான் பார்த்தபோது அலமாரி இல்லை, நடுக்கதவில் ஏறி அவசர வழிக் கதவில்தான் இறங்கினேன் என்று அந்த ஆபீசர் திரும்பத் திரும்பச் சொன்னார். எவன் நம்புவான். வண்டியைப் பார்க்காமலே முத்திரை குத்தியிருக்கிறார் என்று ஊரே பேசியது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் உண்மை தெரியும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். வேம்புலியின் அம்மா கெங்கம்மாள் மட்டும் வாயை மூடவில்லை. ஆபீஸ் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

அந்த ஆபீசர் பொய் சொல்லவில்லை என்பது வேம்புலிக்குத் தெரியும். எஃப்.சி.க்கு மறுநாள் அமல்ராஜ் லீவு. மாதா கோயில் தேர். வண்டி சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும் என்று ரவிச்சந்திரன் குதித்துக்கொண்டிருந்தார். அலமாரியைத் திரும்ப மாட்டியது வேம்புலி. அமல்ராஜ் எப்போதும் நாலு ஸ்க்ரூதான் போடுவார். அடுத்த வருடம் தானேதான் கழற்ற வேண்டும் என்ற கணக்கு அவருக்கு. அவளுக்கு நாலு போதவில்லை. கையால் ஆட்டிப் பார்த்தாள், லேசாக ஆடியது. ஆடினால் மேட்டில் ஏறும்போது சத்தம் வரும், ஜீவா தூங்க மாட்டான் என்று நினைத்தாள். இன்னும் நாலு போட்டாள். மெஷினை அழுத்திப் பிடித்து இறுக்கினாள். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அவளுக்கு.

ஜீவாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கரண்ட் டெஸ்டர் இருக்கும். போலீஸ் எடுத்த போட்டோவை, ஷெட்டில் வண்டி செய்தவள் என்ற முறையில், அவளுக்கும் காட்டினார்கள். டெஸ்டர் அவன் கையில் இருந்தது. நுனி முறுக்கிக்கொண்டிருந்தது. தரையில் கழன்று கிடந்த ஸ்க்ரூக்களை ஒருவர் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தார். நாலு வட்டம்.

அந்தக் கதவு அங்கே இருப்பது ஜீவாவுக்குத் தெரியும். எஃப்.சி.க்கு வண்டியை ஓட்டிப்போனவனே அவன்தான்.

*

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ரவிச்சந்திரனின் கார் மேனாம்பேட்டில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தது. இழவுக்குக்கூட மாலையை ஆள் மூலம் அனுப்பிவைத்த மனிதர். வேம்புலி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடவே காவ்யாவும் சங்கத்து டி-சர்ட்டில் இறங்கினாள். ஆப்பிள் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தாள்.

கெங்கம்மாள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடி துடைப்பவள் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் கண்ணாடியைப் பார்க்கக்கூட மாட்டாள். வந்தவர்களைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஜீவா போட்டோவுக்கு அன்று வைத்த பூ இன்னும் வாடவில்லை. ரவிச்சந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போட்டோவைக் கும்பிட்டார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

எஃப்.சி. என்பது ஏமாற்று வேலை என்று அவர் சொன்னார். அது ஒழுங்காக நடந்திருந்தால் ஜீவா இருந்திருப்பான் அல்லவா என்றார். முத்திரைக்கு முத்திரையும் ஆச்சு, உயிருக்கு உயிரும் போச்சு. இந்தச் சோதனையை எடுத்துவிட்டால் இப்படி ஆபீசரை நம்பி யாரும் சாக மாட்டார்கள், அவரவர் வண்டியை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் பேசினால் சுயநலம் என்பார்கள், பெற்றவள் நீங்கள் மைக்கில் வந்து சொன்னால் கேட்பார்கள். இவ்வளவையும் அவர் வேம்புலியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அலமாரியை மாட்டச் சொல்லிக் குதித்தவர்.

காவ்யா தனியாக ஒன்று சொன்னாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி, பாதுகாப்பில் குறை வைப்போமா ஆன்ட்டி, அதற்கு ஒரு ஆபீசர் எதற்கு என்றாள். நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். 

கெங்கம்மாள் ஆப்பிள் பையை வாங்கிச் சுவரோரம் வைத்தாள்.

“ரெண்டு வருசமா நாயி மாரி கத்திகினு கீறேன், ஒருத்தன் காது குடுத்து கேக்கல” என்றாள். “மைக்கு குடுப்பாங்களா?”

“முதல் ஆளா உங்கள பேச வைக்கிறோம்மா.”

“அந்த ஆபீசரு வருவானா?”

அவர் வரமாட்டார், ஆனால் அவருக்கு மேலே இருக்கிறவர்கள் வருவார்கள் என்றார் ரவிச்சந்திரன். கெங்கம்மாள் எழுந்து போய் டீ போட்டாள். வருகிறேன் என்று அவள் தனியாகச் சொல்லவில்லை. டீ போட்டதே சம்மதம்.

அவர்கள் போனதும் வேம்புலி, போகாதே அம்மா, அவர்கள் தொழிலுக்கு உன்னை இழுக்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். கெங்கம்மாள் ஆப்பிளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அந்தாளு ஷெட்லதான நீ சோறு துன்ற. அவரு என் புள்ளைக்காக பேசறேன்றாரு, நீ இன்னாடானா வேணான்ற. உன் அண்ணங்காரன் செத்ததுக்கு நீ எங்கனா ஒரு வார்த்த பேசிகிறியா? கேஸு நடக்கசொல்ல கூட கல்லு மாரி நின்னுகினு இருந்த.”

உண்மை வேம்புலியின் நாக்கு வரைக்கும் வந்தது. அந்த நாலு நாளும் வந்து வந்து போனது. அம்மா சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, துணி மாற்றாமல், போட்டோவுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். எம்பேரு கெங்கம்மா, எம்புள்ள பேரு ஜீவா. அதற்குமேல் ஒவ்வொரு நாளும் ஒரு வரி கூடியது. பார்க்காம குத்துன முத்திரை என்ற வரி வந்த அன்று வேம்புலி எழுந்து தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தாள். இரண்டு வருடமாக அம்மாவுக்கு ஒரு சத்துரு இருந்தான், அவனைத் திட்டித்தான் எழுந்திருக்கிறாள், சாப்பிடுகிறாள். அந்த சத்துருவைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மகளை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஜீவா செத்ததையே காரணமாகக் காட்டிச் சட்டம் வந்துவிடும். அப்புறம் காவ்யா வண்டி மாதிரி எந்த வண்டியிலும் கதவு என்று ஒன்று இருக்காது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அமல்ராஜிடம் சொன்னாள், கூட்டத்தில் எழுந்து பேசப்போகிறேன் என்று. காவ்யா வண்டியின் பின்பக்கத்தைத் தகடு அடித்து மூடியாகிவிட்டது; அவர் அதன் அலமாரிக்கு மரத்தட்டு இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“வாணாம் தங்கச்சி. எல்லா ஷெட்லயும் இதான் நடக்குது. நீ மட்டும் போய் கழுத்த நீட்டுவியா. செத்தவன் எந்திரிச்சி வரப்போறானா இன்னா?”

வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. அமல்ராஜும் பார்த்தார். அவர் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. ஆக, இது அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சங்கதி இல்லை. அவரும் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.  அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டார், அன்று முழுவதும் வண்டிக்கு வெளியிலேயே உட்கார்ந்து இழைத்தார்.

*

கூட்டம் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் ரிசப்ஷனுக்குக் கட்டிய பிளாஸ்டிக் பூ வளைவை இன்னும் அவிழ்க்கவில்லை. மேடையில் மணமக்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜை போட்டு, ஒரு பெண் அதிகாரியும் இரண்டு கிளார்க்குகளும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்து டி-சர்ட்கள் ஆறு வரிசை. பின்னால் ஷெட் முதலாளிகள். சோதனையை எடுக்கக் கூடாது என்று சொல்ல வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். பெரிய மின்விசிறிகள் சுற்றியதில் பேச்சு பாதிதான் கேட்டது.

கெங்கம்மாள் நல்ல புடவை கட்டியிருந்தாள். மைக்கை யாரோ அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்கள். ஒத்திகை பார்த்த வரிகள் எல்லாம் மறந்துபோய்விட்டன. மகன் பேரைச் சொன்னாள். அவன் எந்தக் கறி விரும்பித் தின்பான் என்று சொன்னாள். அப்புறம் சடாரென்று நிமிர்ந்தாள்.

“எம்புள்ள படுத்த வண்டிக்கு கவர்மெண்டு முத்திரை இருந்துச்சு சார். கதவு மேல பீரோ நின்னுகினு கீது, அத்த பாக்காத கண்ணு இன்னா கண்ணு? அப்டியாப்பட்ட முத்திரை எங்களுக்கு இன்னாத்துக்கு? எட்த்துருங்க.”

மண்டபம் கை தட்டியது. காவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அதிகாரி குறித்துக்கொண்டார், அடுத்த பேரை வாசிக்கச் சொன்னார். அடுத்த பேர் வேம்புலியுடையது. காலையிலேயே வாசலில் எழுதிக் கொடுத்திருந்தாள். ரவிச்சந்திரன் பின்வரிசையில் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். கெங்கம்மாள் மேடைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், மகள் எதிரே ஏறினாள். தனக்கு ஆதரவாகப் பேசத்தான் வருகிறாள் என்று நினைத்து மகளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

வேம்புலி நீட்டி முழக்கவில்லை. தன் பேர், படிப்பு, வேலை. அந்த வண்டியின் வரைபடம் தன்னுடையது. எஃப்.சி. அன்று அலமாரி அங்கே இல்லை. ஆபீசர் பொய் சொல்லவில்லை. மறுநாள் அலமாரியை மாட்டியது யார் என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை, கேட்காததால் அவளும் சொல்லவில்லை.

“மாட்டுனது நான்தான்” என்றாள்.

 டி-சர்ட் வரிசையில் ஒருவர் எழுந்தார். அவருக்குக் கோபமில்லை, சந்தோஷமாகவே பேசினார். மேடம், இவங்க வாயாலயே சொல்லிட்டாங்க, சோதனை அன்னிக்குக் கழட்டிட்டு மறுநாள் மாட்டிடறாங்க, அப்போ அந்தச் சோதனையால என்ன பிரயோஜனம் என்று கேட்டார். திரும்பவும் கை தட்டினார்கள். அந்தப் பெண் அதிகாரி பேனாவைத் தூக்கிக்கொண்டு வேம்புலியைப் பார்த்தார். இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்றார்.

அவளுக்குக் கோபம் கால் பெருவிரலிலிருந்து ஏறியது. அந்த ஆள் மீது இல்லை.

“வருசத்துல ஒரு நாள் காட்டணுமேன்ற பயத்துலதான் மேடம் அந்தக் கதவ வெட்டுறோம். அந்த ஒரு நாளும் வேணாம்னா கதவையே வெட்ட மாட்டோம். இப்ப எங்க ஷெட்ல நிக்கிற வண்டில வெட்டல. தகடு அடிச்சு மூடியாச்சு. உள்ள இருக்கறவங்களுக்குக் கதவு இருக்குனு நெனச்சுத் தேடக்கூட எடம் இல்ல. நாங்க ஏமாத்துனா எங்களப் புடிங்க. ஒம்போது நாள் கழிச்சு வந்து இன்னொரு தடவ பாருங்க. எங்க கள்ளத்தனத்தையே காரணமாக் காட்டி எங்களுக்கே அவுத்து வுடாதீங்க.”

கை தட்ட யாரும் இல்லை. எல்லாவற்றையும் எழுத்தில் தரும்படி அந்தப் பெண் அதிகாரி கேட்டார். தந்தாள். கையெழுத்தும் போட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா நாற்காலியில் இல்லை.

*

அவள் மண்டப வாசலைத் தாண்டுவதற்குள் ரவிச்சந்திரன் போனில் கூப்பிட்டு இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார், அதைவிடக் கூடுதலாகவும் சில சொன்னார். அடுத்துக் கூப்பிட்ட காவ்யா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தகடு அடித்து மூடிய வண்டி என்றீர்களே, அது எங்கள் வண்டியா? ஆமாம் என்றாள் வேம்புலி. போன் வைக்கப்பட்டது.

அம்மா மண்டபத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடிப்பாள் என்று வேம்புலி எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும். கெங்கம்மாள் அவளைப் பார்க்காமலே, அந்த வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் அந்த வண்டியைப் போய்ப் பார்த்ததே இல்லை. வேம்புலி வாரம் ஒருமுறை பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பாள்.

குத்தம்பாக்கம் போகிற சாலையில், கேஸில் பிடித்த வண்டிகளைப் போட்டுவைக்கும் பொட்டலில், கருவேலஞ்செடிக்குள் பாதி புதைந்து நின்றது கேரவன். மத்தியானம் இரண்டு மணி வெயில். முன்பாதி வெறும் எலும்பு. பின்பாதியில் பெயின்ட்கூடப் போகவில்லை. ‘அவசர வழி’ என்ற சிவப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது. கெங்கம்மாள் நேராகப் பின்பக்கம் போய்க் கைப்பிடியைத் திருகினாள். கதவு திறந்தது. அலமாரியின் முதுகு. பத்துப் பேர் கல்லால் இடித்த பள்ளங்கள் அதில் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தன. ஒவ்வொரு பள்ளத்தையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

“எத்தினி போட்ட?”

“எட்டு.”

“அவன் எத்தினி கழட்னான்?”

“நாலு.”

“அமல்ராஜி போட்டா?”

 அமல்ராஜ் எத்தனை போடுவார் என்பது ஜீவா உயிரோடு இருந்தபோது வீட்டில் சிரித்துப் பேசிய விஷயம். சோம்பேறி ஆசாரி என்பான்.

கெங்கம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கதவுக்கு நேரே ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள்.

“மிச்சம் நாலு கீதுல்ல. உள்ள போய் கழட்டு.”

எதிர்ப்பக்கம் இருந்த பஞ்சர் கடையில் வேம்புலி ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்தாள். எரிந்த நடுக்கதவு வழியாகக் குனிந்து ஏறினாள். ஏறும்போது வண்டி அவள் எடைக்கு அசையவில்லை; சக்கரம் எல்லாம் மண்ணில் இறங்கிவிட்டது. உள்ளே இரண்டு வருடப் புகை வாடை. கட்டிலைத் தாண்டி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் உட்கார்ந்தாள். ஒரு ஆள் முழங்காலை மடித்தால்தான் அங்கே உட்கார முடியும். மடித்தாள். கழற்றிய நாலு ஓட்டைகளும் மேலே இருந்தன. அவள் கூடுதலாகப் போட்ட நாலும் கீழே, துருவேறி, அவள் இறுக்கிய இறுக்கத்திலேயே. ஐந்தாவதன் தலையில் கோணல் மாணலாகக் கீறல்கள். டெஸ்டர் வழுக்கிய கீறல். ஐந்தாவதையும் முயற்சி செய்திருக்கிறான்.

முதலில் அதற்குத்தான் வைத்தாள். திரும்பவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள், மெஷினால் ஏற்றியதைக் கையால் இறக்குவது என்றால் என்னவென்று உள்ளங்கைத் தோல் உரிந்தபோது தெரிந்தது. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆயிற்று. வெளியே ஒரு போலீஸ்காரர் வந்து அதட்டினார். இங்கே என்ன வேலை, கேஸ் வண்டி, எழுந்திரு என்றார்.

“எம்பொண்ணு உள்ள கீறா சார்” என்றாள் கெங்கம்மாள். “அவ வெளிய வந்தாத்தான் நான் போவேன்.”

போலீஸ்காரர் அதற்குமேல் பேசிய மாதிரி தெரியவில்லை. பூட்ஸ் சத்தம் விலகிப்போனது. அதற்கப்புறம் வெளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாவது ஸ்க்ரூ அரைச் சுற்றுத் திரும்பியது. வேம்புலிக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தினாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்ட பிறகும் யாரோ மூச்சு விடுவது கேட்டது. தகட்டுக்கு அந்தப் பக்கமா, தோளுக்குப் பக்கத்திலா என்று பிரித்தறிய முடியவில்லை.

“அம்மா, கீறியா?”

பதில் வரவில்லை. அவள் சந்தில் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி, பக்கத்தில் ஒரு ஆள் முழங்காலை மடக்குகிற அளவுக்கு இடம் விட்டாள். ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப வைத்து அழுத்தினாள்.